தவசிமுத்து எழுதாமல் விட்ட பெயர்

புரூஃப் கட்டைக் கொண்டுவந்து கொடுத்த அத்தாவுல்லா உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"எழுத்துப்பிழை மட்டும் பாரு, போதும். விசயத்துல கைய வெக்காத. அது உங்கப்பன் எழுதுனது."

விசயத்தில் கை வைக்கப்போவதாக எல்சி சொல்லவே இல்லை. சொல்லாததற்கு இவர் ஏன் பதில் சொல்கிறார் என்று அவளுக்கு இடித்தது.

அப்பா போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை தோழர்கள் படத்திறப்பு வைத்திருந்தார்கள். அன்று அவர் எழுதிய புத்தகமும் வெளிவர வேண்டும் என்பது ஏற்பாடு. 'அறுபத்திரண்டு நாள்' என்று அவரே தலைப்பு வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியை அத்தாவுல்லா தன்னுடைய டிடிபி கடையில் அடித்திருந்தார். அப்பாவின் கோழிக்கிறுக்கலை முழுதாகப் படிக்கத் தெரிந்தவள் எல்சி ஒருத்திதான். அதனால் ஒத்துப் பார்க்கும் வேலை அவளிடம் வந்தது. இல்லாவிட்டால் வந்திருக்காது என்று இப்போது நினைத்தாள்.

தவசிமுத்து ராயபுரத்துக்காரர். இருபத்தாறு வயதில் திருவொற்றியூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். 1983-ல் அங்கே வேலைநிறுத்தம். அறுபத்திரண்டு நாள் நடந்தது. அதை நடத்திய பதினோரு பேரைப் போலீஸ் தேடியது. பதினோரு பேரும் காசிமேட்டில் ஒரு வலைக்கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் நடுப்பகல், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம், வண்டி வந்து மொத்தப் பேரையும் அள்ளிக்கொண்டு போனது. வெளியே இருந்தவர்கள் பதின்மூன்று நாள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு முறிந்தது. பதினோரு பேருக்கும் வேலை போனது. அதில் ஒருவர் தவசிமுத்து. இன்னொருவர் அத்தாவுல்லா.

அதன் பிறகு தவசிமுத்து பகலில் லேத் பட்டறைக்குப் போனார், சாயங்காலம் மைக்குக்குப் போனார். கட்சியில் பதவி கிடையாது. தேர்தலில் நின்றது கிடையாது. ஆலை வாசலில் நடக்கும் கேட் கூட்டம், தெருமுனைக் கூட்டம், மே தினம், எங்கே கூப்பிட்டாலும் போவார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் எப்படிச் சங்கம் கட்டினார்கள், பெரம்பூர் ரயில் பட்டறையில் யார் முதலில் வேலையை நிறுத்தினார்கள், வண்ணாரப்பேட்டையில் எந்தச் சந்தில் கூட்டம் போட்டார்கள் என்று தெருப்பெயரோடு சொல்வார். பள்ளிக்கூடத்தில் இல்லாத சரித்திரம். கைக்குட்டையை எடுத்து மைக்கின் தலையில் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கையில் ஒரு பாக்கெட் டைரி, அதில் நான்கு குறிப்பு. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வலைக்கொட்டகைக்கு வந்துவிடுவார்.

அங்கே ஒரு பெயர் வரும். டைம் ஆபீஸ் பொன்னுரங்கம். கம்பெனியில் வருகைப் பதிவு பார்த்த கிளார்க். காட்டிக்கொடுத்தவன். அந்தப் பெயர் வந்ததும் கூட்டத்தில் பத்துப் பேராவது காறித் துப்புவார்கள். எல்சி ஏழு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அது பேச்சில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தாள்.

எல்சிக்கு மணலியில் ஒரு ஆலையில் வேலை. பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்டுகிற வேலை, பதினாறு வருடமாக. முள் காட்டுவதை நம்பாதே, அந்தக் கேஜை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேள், அதை வேறு எதோடு ஒப்பிட்டார்கள் என்று மேலும் கேள் என்பதுதான் அந்த வேலையின் முதல் பாடம். புரூஃபையும் அப்படித்தான் பார்த்தாள். இடது பக்கம் அப்பாவின் நீள நோட்டு, வலது பக்கம் புரூஃப், இரண்டிலும் வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல். அப்பாவின் எழுத்தை முழுப் பக்கமாகப் பார்த்தால் மேலே படிக்க முடியவில்லை. ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் பரவாயில்லை.

முப்பத்தாறாம் பக்கத்தில் ஸ்கேல்கள் பொருந்தவில்லை. நோட்டில் இருந்த சில வரிகள் புரூஃபில் இல்லை.

'பதினொன்றேகால் மணிக்கு டீ வாங்க நான் வெளியே போனேன். போகாதே என்று யாசின் சொன்னான். அரை மணி கழித்துத் திரும்பினேன். யாராவது பின்னால் வந்தார்களா என்று பார்க்கவில்லை.'

யாசினும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர். இதை அப்பா எந்த மேடையிலும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

அடுத்த பக்கத்தில் புரூஃபில் இருந்தது நோட்டில் இல்லை. 'அன்று எங்களைக் காட்டிக்கொடுத்தவர் டைம் ஆபீஸ் பொன்னுரங்கம்' என்று அச்சு சொன்னது. நோட்டில் 'காட்டிக்கொடுத்தவர்' என்ற சொல்லுக்குப் பின் இரண்டு அங்குலத்துக்குக் கோடு மட்டும் இழுத்திருந்தது. பேனாவை அழுத்தி இழுத்த கோடு. தாளின் மறுபக்கம் தடவினால் தெரிந்தது.

சில வரிகள் போயிருக்கின்றன, ஒரு பெயர் வந்திருக்கிறது. நூற்றிருபது பக்கத்தில் வேறு எங்கேயும் ஒரு சொல்கூட மாறவில்லை. டைப் அடிக்கிற பெண்ணின் கைத்தவறு இப்படி இருக்காது.

மறுநாள் வேலை முடிந்து நேராகப் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். அத்தாவுல்லா கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, முப்பத்தேழாம் பக்கம் பேரு நைனா எழுதல."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இனிஷியல் தெரிஞ்சிருக்காது. அப்பறம் எழுதிக்கலாம்னு வுட்டிருப்பான். எனக்கும் இனிஷியல் தெரியல, அதான் டைம் ஆபீஸ்னு போட்டேன்."

"கேட்டிருக்கலாமே?"

"யார? உன்னையா? ஐந்நூறு மேடைல மைக் புடிச்சுச் சொன்ன பேரு பாப்பா. மெட்ராஸ் பூரா தெரியும். புக்குல கோடு போட்டா சிரிப்பானுங்க."

"டீ வாங்கப் போன வரி?"

இப்போது கண்ணாடியைக் கழற்றினார். "டீ வாங்கினது, ஒண்ணுக்குப் போனது எல்லாம் சரித்திரமா? பக்கம் கொறையுமேன்னு எடுத்தேன்."

"ஒரு பக்கமும் கொறையல மாமா. எண்ணிட்டேன்."

"எண்ணுவ. நீ மீட்டர் ஆளாச்சே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கொட்டகையில் இருந்த பதினோரு பேரில் இவரும் ஒருவர் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேறு மாதிரி நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் டைரிகளை இறக்கினாள். பிஸ்கட் டின் இரண்டு நிறைய இருந்தன. வருட வரிசைப்படி அடுக்கினாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் வேலைநிறுத்த நினைவுக் கூட்டத்துக்கு 1985-ல் எழுதிய குறிப்பில் 'காட்டிக்கொடுத்தது யார்? தெரியாது' என்று இருந்தது. 1987-லும் அதே. 1990-ல் 'யாராக இருந்தாலும் கேடுகெட்டவன்' என்று கோபம் கூடியிருந்தது, பெயர் இல்லை. 1991 மே தினப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. குண்டூசி துருவேறித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது.

மேடையில் பேசுகிறவருக்குக் கீழேயிருந்து சீட்டுப் போவது வழக்கம்தான். நேரமாகிவிட்டது என்று வரும். எங்கள் தெருத் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று வரும். இது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பென்சிலால் எழுதியது. 'தோழர், ஏன் மறைக்கிறீர்கள்? டைம் ஆபீஸ் பொன்னுரங்கம்.' கீழே கையெழுத்து இல்லை. யார் கை என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தாவுல்லாவின் கையா என்று பழைய கடிதம் ஒன்றோடு வைத்துப் பார்த்தாள். ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை.

அந்த டிசம்பர் குறிப்பில் 'பொ.' என்று இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குள் 'கைதட்டல்'. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் 'பொ.' இருந்தது.

வேறு ஏதாவது இருக்கும் என்று நான்கு நாள் தேடினாள். கோர்ட்டுக் காகிதம், கம்பெனி நோட்டீஸ், யாராவது எழுதிய கடிதம். இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஐந்நூறு மேடையில் முழங்கிய பெயரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அது ஒரு சிகரெட் தாளில் போய் நின்றது.

2009-லிருந்து சில பேச்சுகள் பென்டிரைவில் இருந்தன. அப்பா போனதிலிருந்து அதைத் தொடவில்லை. இப்போது போட்டாள். குரலைக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, அந்தப் பெயருக்கு முன்னால் அவர் விடுகிற இடைவெளியை மட்டும் அளந்தாள். 2009-ல் இரண்டு நொடி. 2014-ல் மூன்று. 2018-ல் ஐந்து. கூட்டத்தைக் காக்கவைப்பதற்காக நிறுத்துகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எந்தக் கேஜும் ஒரே நாளில் கெடுவதில்லை.

கடைசியாக 2023 டிசம்பர். அன்று எல்சி ஷிஃப்டில் இருந்தாள், கூட்டத்துக்குப் போகவில்லை. 'அன்னைக்கு எங்களைக் காட்டிக்கொடுத்தவன்' என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒன்பது நொடி. யாரோ கீழேயிருந்து "சொல்லு தலைவா" என்றார்கள். அப்பா இருமினார். "நேரமாயிடுச்சு தோழர்களே, நன்றி" என்று முடித்துவிட்டார்.

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

அந்த வருட டைரியில், கூட்டத்துக்கு மூன்று வாரம் முந்தைய பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'திருவொற்றியூர். பொ. வீடு.'

சந்தேகம் இப்போது அத்தாவுல்லாவை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பியது. டீ வாங்கப் போனவர், திரும்பி வந்த கால் மணியில் போலீஸ் வந்திருக்கிறது. ஒன்று, அவர் பின்னாலேயே யாரோ வந்திருக்கிறார்கள். அல்லது. அந்த 'அல்லது'வுக்கு மேல் அவளால் போக முடியவில்லை. இரண்டு நாள் மணலி பஸ்ஸில் அந்த ஒரு சொல்லோடு போய் வந்தாள்.

பொன்னுரங்கத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்து. பெயரைச் சொன்னதும் பெட்டிக்கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கை காட்டினார்.

கதவைத் திறந்தது அவர் மகள் பவானி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சங்கிலியை எடுக்கவில்லை. தான் யார் என்று எல்சி சொன்னதும் கதவின் இடைவெளியும் குறைந்தது.

"செத்தும் வுட மாட்டீங்களா? இன்னும் இன்னா கீது எங்க கைல?"

"ஒரு விசயம் கேக்கணும்."

"உங்கப்பனும் அதான் சொன்னாரு."

உள்ளேயிருந்து, "யாரு பவானி?" என்று குரல் வந்தது. "மைக்குக்காரரு பொண்ணு," என்றாள். "உள்ள வுடு," என்றது குரல்.

பொன்னுரங்கம் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. எழுபத்தொரு வயதுக்கு முதுகு நேராக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"வந்தாரு. நீ நிக்கற எடத்துலதான் நின்னாரு. 'நீதானா?'ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல மைக்ல சொல்லிகினு, இப்ப வந்து நீதானான்னா?"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இத்தினி வருசம் என்னக் கேக்காமத்தான சொன்ன, இப்பவும் கேக்காமலே போன்னேன்."

எல்சி கேட்டுவிட்டாள். "நீங்க இல்லியா?"

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே கேள்வி." ஒரு கடலையை உடைத்துத் தோலை ஊதினார். "இல்லன்னு சொன்னா நம்புவியா?"

நம்பமாட்டாள். அவளுக்கே தெரிந்தது. "தெரியல," என்றாள்.

"அது பரவால்ல. உங்கப்பா 'நம்பறேன்'னாரு. அத நான் நம்பல."

பவானி சுவரில் சாய்ந்தபடி பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "பெரம்பூர்ல இருந்து என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. செருப்பக்கூடக் கழட்டல. 'டைம் ஆபீஸ் பொன்னுரங்கம் வூடா?'ன்னாங்க. ஆமான்னேன். அப்டியே திரும்பிப் போய்ட்டாங்க. எவனோ ஒர்த்தன் கூட்டத்துல கேட்டுட்டு வந்து சொல்லிகிறான்."

"புக்குல அந்தப் பேரு வராது," என்றாள் எல்சி.

"புக்க எவன் படிக்கப் போறான்? மைக்ல சொன்னத மைக்லயே தப்புன்னு சொல்லு. முடியும்னா சொல்லு. முடியாதுன்னா வூட்டுக்குப் போ."

எல்சி அத்தாவுல்லாவிடம் போய், படத்திறப்பில் தான் பேசப்போவதாகச் சொன்னாள். அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"பேர எடுத்துட்றேன். கோடே போட்றேன். மேடைல ஏறாத."

"ஏன் மாமா?"

"அந்தக் கோடு சும்மா கெடக்குமா? பொன்னுரங்கம் இல்லன்னா பின்ன யாருன்னு கேப்பான். கொட்டாய்ல இருந்தது நாங்க பதினோரு பேரு. நாலு பேரு உசுரோட கீறோம். உங்கப்பனால வாயத் தொறக்க முடியாது. அந்த டீ வரிய இன்னாத்துக்கு எடுத்தேன்னு இப்பவாவது புரியுதா?"

"அவரக் காப்பாத்தவா, உங்களையா?"

"தோஸ்து அவன். ரெண்டும்னு வெச்சுக்க."

"அந்த வரி திரும்ப வரணும். பேரு போவணும்."

"அப்ப ஞாயித்துக்கெழம புக்கு வராது."

"வராட்டிப் போவுது."

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்டையார்பேட்டைச் சங்கக் கட்டடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பதினோரு பேரில் மிச்சமிருந்த நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தாவுல்லா ஓரத்து நாற்காலி. நடுவில் யாசின், கைத்தடியோடு. மேடையில் அப்பாவின் படத்தைச் சிவப்புத் துணி மூடியிருந்தது. அதைத் திறந்துவைக்க மத்திய சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் பவானி நின்றாள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

எல்சி மைக்கில் பேசிப் பழகியவள் இல்லை. எழுதி வந்ததை வாசித்தாள். "நைனா முப்பத்திரண்டு வருசம் ஒரு பேரச் சொன்னாரு. அவர் டைரி, பேப்பர் எல்லாம் பாத்துட்டேன். அந்தப் பேருக்கு இருக்கறது ஒரு துண்டுச்சீட்டுதான். அதுல கையெழுத்து இல்ல. வேற ஆதாரம் எதுவும் இல்ல. கடைசியா எழுதும்போது அவரே அந்தப் பேர எழுதல. பொன்னுரங்கம்தான் காட்டிக்கொடுத்தாருன்னு எங்க நைனா சொன்னது தப்பு."

பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். யாசின் கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"அப்ப யாரும்மா?"

"தெரியாது மாமா."

"தெரியாதுன்னா? வெளிய இருந்தவன் இல்லன்னா எங்கள்ல ஒருத்தன்னு ஆவுது."

யாசின் மெல்லத் திரும்பி ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். அவர் பார்த்ததும் பக்கத்திலிருந்த இருவரும் பார்த்தார்கள். பிறகு இரண்டாம் வரிசை பார்த்தது. "புக்க ஏன்யா நிறுத்துன?" என்று யாரோ கேட்டார்கள். "பம்பு கம்பெனி மொதலாளி வூட்டுக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் இவர்தான அடிச்சாரு, அப்பவே நெனச்சேன்," என்று இன்னொரு குரல் சொன்னது. அத்தாவுல்லா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். டீ வாங்கப் போனது யார் என்று சொன்னால் போதும். அவர் திறக்கவில்லை.

எல்சி சும்மா இருந்தாலே போதும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் புதுப் பெயர் ஒன்று கிடைத்துவிடும். அடுத்த டிசம்பரில் யாராவது அதை மைக்கில் சொல்வார்கள். அப்பா அப்பாவாகவே இருப்பார்.

பையிலிருந்து நீள நோட்டை எடுத்தாள். முப்பத்தாறாம் பக்கத்துக்கு உரிய இடத்தில் விரல் வைத்து, மைக்குக்கு நெருங்கி வந்தாள்.

"இது நைனா கையால எழுதுனது. 'பதினொன்றேகால் மணிக்கு டீ வாங்க நான் வெளியே போனேன். போகாதே என்று யாசின் சொன்னான். அரை மணி கழித்துத் திரும்பினேன். யாராவது பின்னால் வந்தார்களா என்று பார்க்கவில்லை.'"

யாசினின் வாய் அசைந்தது. "சொன்னேன்," என்றார், யாருக்கும் இல்லாமல். "போவாதடான்னு சொன்னேன்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தாவுல்லா தலையை நிமிர்த்தி எல்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. பவானி கதவோரத்திலேயே நின்றாள்.

படத்தைத் திறக்க வந்தவர் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார். கூப்பிட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினார். இரண்டு நிமிடம் போனது. எல்சி நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மேடையின் பின்பக்கம் போய்ப் படத்தை மூடியிருந்த துணியை அவளே இழுத்தாள்.